உன் நோட்டீஸுக்கு நீ கேட்ட தேர்வுக் குறிப்புகள்

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உன் போன் வந்தது. வேலூரில் இரண்டாவது டியூஷன் ஹால் திறக்கிறாய், அதற்கு நோட்டீஸ் அடிக்கிறாய், நோட்டீஸின் பின்பக்கத்துக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் மார்க் வாங்குவது எப்படி என்று ஒரு பக்கம் வேண்டும். "நீ எழுதிக் குடும்மா. அனுபவமுள்ள ஆசிரியைன்னு உன் போட்டோ போட்டு அடிச்சிடலாம். ஜாஸ்தி வேணாம், ஒரு பக்கம் போதும்" என்றாய். சரி என்றேன். திறப்பு என்றைக்கு என்று கேட்டேன். "டென்த்துக்குக் கணக்குப் பரீட்சை அன்னைக்குத்தாம்மா. பிள்ளைங்க எல்லாம் பரீட்சைல இருப்பாங்க, எனக்கு கிளாஸ் கிடையாது. போதகர் காலைலயே வந்து ஜெபம் பண்றார். நீயும் அப்பாவும் ஷைனியக் கூட்டிக்கினு வந்துடுங்க" என்றாய்.

ஷைனி உன் தங்கை. இந்த வருஷம் பத்தாவது படிக்கிறாள். அதே கணக்குப் பரீட்சையை எழுத வேண்டியவள். இதை உனக்கே நான் எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

போனில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் "கிளாஸ் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீ கேட்ட குறிப்புகள் எல்லாம் இதிலேயே இருக்கின்றன. முழுசாகப் போட முடிந்தால் நோட்டீஸில் போடு, பாதியை வெட்டிவிட்டுப் போடுவதாக இருந்தால் வேண்டாம். என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலும் இதை நான் போடப்போகிறேன். உன் பெயரைப் போடவில்லை. நம் ஆம்பூரில் அதற்கு அவசியமும் இல்லை. ஷைனியிடம் கேட்டேன், "போடும்மா, எனக்கு இன்னா" என்றாள்.

கணக்கைக் கண்ணால் படிக்காதீர்கள் என்று முதலில் போடு. என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, போட்டுக்காட்டிய கணக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். விடையைக் கையால் மூடிக்கொண்டு, வெள்ளைத்தாளில் பேனாவைப் பிடித்துப் போட்டுப் பார்த்தால்தான் எந்த வரியில் தடுக்கி விழுகிறோம் என்று தெரியும். அந்த வரிதான் படிக்க வேண்டிய பாடம். சரியாக வந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மகிழ்வது நேரத்தை வீணடிக்கிற வேலை. தப்பாகப் போனதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் விட்டு மறுபடியும் போட வேண்டும். உன் ஹாலில் நீ இதைச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். முக்கியக் கணக்கு என்று கொஞ்சம் பொறுக்கி, எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வைக்கிறாய். கேள்வியில் எண்ணை மாற்றிவிட்டால் உன் பிள்ளைகள் முழிக்கிறார்கள். அவர்களில் சிலர் பள்ளியில் என் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நீ மறந்துவிட்டாய்.

அறிவியலுக்கு வருகிறேன். அறிவியலை உங்கள் வீட்டிலும் தெருவிலும் தேடுங்கள் என்று நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன், உனக்கும் சொல்லியிருக்கிறேன். குக்கரில் ஆவி, சைக்கிள் செயினில் துரு, அப்பா வேலை செய்கிற தோல் கம்பெனியில் அமிலமும் காரமும் உப்பும். நீ சின்ன வயதில் ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய், பச்சைத் தோல் எல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாய்: "எதுக்கும்மா சுண்ணாம்புல போட்றாங்க?" முடி கழன்று வருவதற்கு என்று சொன்னேன். சுண்ணாம்பு காரம், காரம் முடியின் வேரை இளக்கிவிடும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு காரம் பற்றிய பாடத்தை நீ படிக்கவே வேண்டியிருக்கவில்லை, சும்மாவே தெரிந்திருந்தது. அப்படிப் படித்தவன்தான் நீ.

போன மாதம் உன் ஆம்பூர் ஹாலில் நீ வைத்த டெஸ்ட்டில், நீற்றுச் சுண்ணாம்பின் பயன் ஒன்று எழுதுக என்று கேட்டிருந்தாய். உன் விடைக்குறிப்பில் சுவருக்கு வெள்ளையடித்தல் என்று இருந்தது. ஷைனி, தோலிலிருந்து முடியை நீக்குதல் என்று எழுதினாள். நீ பெருக்கல் குறி போட்டாய். அவள் எழுந்து நின்று, "சார், அது எப்டி சார் தப்பு?" என்று கேட்டாள். ஹாலில் அண்ணா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நீ போட்ட சட்டம், அதையும் அந்தப் பெண் மீறவில்லை. "ஆன்சர் கீல இல்லைன்னா தப்புதான், உக்காரு" என்றாய். அவள் உட்காரவில்லை. "அப்போ தோலுக்கு சுண்ணாம்பு போட்றது பொய்யா சார்?" என்றாள். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், குரூப்பில் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். "இது டேனரி இல்ல, டியூஷன். நாத்தத்த வெளிய விட்டுட்டு வா" என்றாய். ஹாலே சிரித்தது. அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிக்கு அப்பனோ அம்மாவோ தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும்தான் வேலை செய்கிறார்கள். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்படிச் சிரிக்க அவர்களுக்கு நீ கற்றுக்கொடுத்திருக்கிறாய்.

நான் பரீட்சைத் தாள் திருத்தியவள், எனக்கு நடப்பு தெரியும். அதனால் அன்றைக்கு அவளிடம் நானும் ஒன்று சொன்னேன்: புத்தகத்தில் உள்ள பயனை முதலில் எழுது, உனக்குத் தெரிந்ததை அடுத்த வரியில் எழுது, மார்க்கும் போகாது உண்மையும் போகாது என்று. பிள்ளைகளுக்கு இதையும் உன் நோட்டீஸில் போடலாம், நல்ல குறிப்புதான். நீயும் அவளிடம் இதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெருக்கல் குறியே போட்டிருந்தாலும், வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது "நீ எழுதினது சரிதான் பாப்பா, பரீட்சைக்கு மட்டும் புக்குல இருக்கறத எழுது" என்று சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே மறந்திருப்பாள். நீ அப்படிப் பேசத் தெரியாதவன் இல்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் எப்படித் தேனாகப் பேசுகிறாய் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாய். ஷைனி உள்ளே இருந்தாள், கதவு சாத்தித்தான் இருந்தது, ஆனால் அது எப்பேர்ப்பட்ட கதவு என்று உனக்குத் தெரியும், சமையலறையில் ஸ்பூன் விழுந்தால்கூட உள்ளே கேட்கும். கணக்கில் அவள் தேறமாட்டாள், அவளால் உன் ரிசல்ட் கெடும் என்றாய். சொந்தத் தங்கச்சியையே தூக்கிவிட முடியாதவன் எங்கள் பிள்ளையை என்ன தூக்கிவிடுவான் என்று ஊர் கேட்கும் என்றாய். "இந்த வருஷம் எழுத வேணாம்மா. மஞ்சக்காமாலைன்னு சொல்லிடலாம். அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும், நானே வழி பண்றேன்" என்றாய். ஹைவேயில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடத் தெரிகிற மாதிரி நீ கட்டி வைத்திருக்கிறாயே ஒரு பேனர், எங்கள் ஹாலில் தோல்வி என்ற சொல்லே இல்லை என்று, அந்தத் துணி கசங்காமல் இருக்க உன் தங்கைக்குக் காமாலை வர வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிற பெண்ணுக்கு நோய் கேட்ட முதல் அண்ணன் நீயாகத்தான் இருப்பாய்.

அப்பா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "இன்னா தப்பா எழுதினா?" என்று மட்டும் கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் உன் பக்கம் திரும்பினார். "அந்த சுண்ணாம்புலதான்டா நீ படிச்சே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் ஷைனி டியூஷனுக்குக் கிளம்பியபோது உன் ஹாலிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது, இனிமேல் வர வேண்டியதில்லை என்று. அதை அனுப்பியது நீயா, உன்னிடம் வேலை பார்க்கிற பெண்ணா என்று நான் கேட்கவில்லை. நீயாக இருந்தாலும் அசிங்கம், நீ சொல்லி அவள் அனுப்பியிருந்தாலும் அசிங்கம்.

அம்மாவே டீச்சராக இருக்கும்போது உன்னிடம் எதற்கு அனுப்பினீர்கள் என்று குரூப்பில் யாராவது கேட்பார்கள். நான் அனுப்பவில்லை. அவளாகக் கேட்டுத்தான் உன்னிடம் வந்தாள். "அண்ணா சொன்னா எனக்குப் புரியும்மா, நீ திட்டுவே" என்றாள். உண்மைதான், நான் திட்டுவேன். நான் திட்டுவது சத்தத்தோடு முடிந்துபோகும். நீ திட்டவே இல்லை, சிரிக்க வைத்தாய். அதற்குப் பிறகு அவள் கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. பள்ளிக்குப் போவாள், வருவாள், மற்ற பாடங்களைப் படிப்பாள், கணக்கும் அறிவியலும் பைக்குள்ளேயே கிடந்தன. "நான்தான் எழுதப் போறது இல்லையேம்மா" என்றாள் ஒரு நாள். காமாலை வராமலேயே அவளுக்கு முகம் வெளுத்திருந்தது.

இங்கே ஒரு குறிப்பு எழுதுகிறேன். பயந்துபோன பிள்ளைக்கு முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கையால் செய்கிற வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் வடிவியலை எடுத்தேன். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அங்கிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைய வேண்டும். யோசிக்கக் கொஞ்சம்தான் இருக்கும், அளக்கவும் வரையவும் நிறைய இருக்கும். முதலில் உதவிப்படம் போட்டு அளவுகளைக் குறிக்க வேண்டும், பென்சில் கூர்மையாக இருக்க வேண்டும், காம்பஸால் போட்ட வில்கோட்டை அழிக்கக் கூடாது. வடிவியலும் வரைபடமும் பத்தாவது பிள்ளைகளுக்குக் கைமேல் கிடைக்கிற மார்க், பழகினால் போதும். அவள் வரைந்தாள், வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை. மறுபடியும் வரைந்தாள், சேரவில்லை. "பாத்தியா, எனக்கு இதுகூட வரல" என்று காம்பஸைத் தூக்கிப் போட்டாள். அப்பா அதை எடுத்துப் பார்த்தார். பென்சில் நழுவிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தன் பையிலிருந்து மெல்லிய தோல் துண்டு ஒன்றை எடுத்துக் கத்திரியால் நறுக்கி, பென்சிலைச் சுற்றி வளையத்துக்குள் செருகித் திருகினார். உனக்கும் இப்படித்தான் செய்து கொடுத்தார், இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் காம்பஸில் அந்தத் துண்டு இருக்கும். அடுத்த வட்டம் சரியாகச் சேர்ந்தது. தப்பு தன்மேல் இல்லை என்று ஒரு பிள்ளைக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் தள்ளிவிட வேண்டியதில்லை. அன்றைக்கு அவளே இன்னொரு தொடுகோட்டையும் வரைந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இப்போது சொல்கிறேன், அவள் பரீட்சை எழுதுகிறாள். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அவள் நிறைய மார்க் வாங்கப்போகிறாள் என்று நான் சொல்லவில்லை. இயற்கணிதம் இன்னும் தகராறாகத்தான் இருக்கிறது. கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறுவதை அவசரத்தில் விட்டுவிடுகிறாள், ஒவ்வொரு வரியையும் முடித்ததும் விரல் வைத்துக் குறியைப் பார் என்று நான் கரடியாகக் கத்துகிறேன். விடை தப்பாக இருந்தாலும் சூத்திரத்தையும் படிகளையும் எழுது, அதற்கும் மார்க் உண்டு, வெறும் தாளுக்கு யாரும் மார்க் போட முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அறிவியலில் அலகை விடாதே, படத்துக்குப் பாகம் குறிக்காமல் விடாதே என்று சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் புதுசாக எதையும் தொடாதே, நேரத்தோடு படு, பிரியாணிக் கடைப் பக்கம் போகாதே என்றும் சொல்லியிருக்கிறேன். கடைசிக் குறிப்பை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பூர்ல பொறந்துட்டு இன்னாம்மா பேசறே" என்றாள். அந்த மெசேஜுக்குப் பிறகு அவள் கேலி பேசியது அதுதான் முதல் தடவை.

பெற்றவர்கள் இப்படிக் கடிதம் எழுதும்போது தங்கள் தப்பையும் கொஞ்சம் ஒத்துக்கொள்வது வழக்கம். வளர்த்ததில் எங்கே பிசகினேனோ என்று நான் அழுவேன், நீயும் லேசாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவும்தான் காரணம் என்று நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்ப்பாய். அது நடக்காது. என் தப்புகள் இருக்கின்றன, அவற்றை நான் ஜெபத்தில் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தப்பு உன்னுடையது.

உன் பத்தாம் வகுப்பை உனக்கு நினைவுபடுத்துகிறேன். மாதிரித் தேர்வில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு, விடமாட்டேன் என்று அதிலேயே உட்கார்ந்து, தெரிந்த கேள்விகளைக்கூட எழுதாமல் விட்டுவிட்டு வந்து அழுதாய். அப்போது உனக்கு நான் சொன்னதுதான் என் குறிப்புகளிலேயே பெரியது. தெரியாத கேள்வியில் நிற்காதே. அதற்கு வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ, நேரம் இருந்தால் திரும்பி வந்து எழுது, மணி அடித்துவிட்டால் காலி இடம் காலி இடம்தான், அதற்காக வருத்தப்படாதே. பொதுத்தேர்வில் அப்படியே செய்தாய். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வெயிலில் கேட் பக்கத்தில் நின்றிருந்தேன். ஷைனி அப்போது பேசக்கூட ஆரம்பிக்காத குழந்தை, என் இடுப்பில் இருந்தாள். நீ வெளியே வந்ததும் கேள்வித்தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, அவளை வாங்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டாய். "விட்ட கணக்குக்குத் திரும்பி வந்துட்டேம்மா, போட்டுட்டேன்" என்றாய். வழியெல்லாம் அவள் உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள், வலிக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன், அப்பாவும் வரமாட்டார். அப்பா வருஷத்தில் எடுக்காத லீவை அன்றைக்கு எடுத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஷைனி எழுதுகிற பள்ளிக்கூடத்து கேட் முன்னால் நிற்போம். என் போட்டோவை நோட்டீஸில் போடாதே. பச்சைப் புடவையில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அது நீ முதல் மார்க் வாங்கிய அன்று எடுத்தது, அதை உன் வியாபாரத்துக்குத் தர எனக்கு மனசு வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஷைனி எதிரே உட்கார்ந்து இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள், உனக்கு என்றேன். பேனாவைக் கடித்தாள். பிறகு, "அன்னைக்கு அண்ணா ஸ்கூல் கேட்டாண்ட வருமா?" என்று கேட்டாள். சார் என்று சொல்லவில்லை, அண்ணா என்றாள்.

"தெரியாத கேள்வில நிக்காத. எடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போ" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

அம்மா